காலிக் குமிழ் யாருக்குச் சொந்தம்?

அவைக்கு ஓர் அவசர அறிவிப்பு. இன்று காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, என்னுடைய இயற்பியல் நோட்டின் மேலட்டை, முதுகில் தொடங்கி மூலை வரை, முற்றிலுமாகக் கிழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நோட்டுக்குள் பாடம் எதுவும் எழுதப்படாததால் பொருட்சேதமும் இல்லை. அட்டையின் மறைவுக்கு அரை நிமிடம் மௌனம் காக்கலாம் என்றால், தலைவர் எனக்குத் தந்திருப்பதே பத்து நிமிடம். ஆகவே மௌனத்தை நீங்கள் வீட்டுக்குப் போய் வசதிப்படி காத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். செய்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இனி முறைப்படி தொடங்குகிறேன். கண் ஒன்றாலேயே கூச்சலைக் கட்டிப்போடும் கலை கைவந்த கூட்டத் தலைவர், நம் நூலகர் அம்மா அவர்களே. முன்வரிசையை முழுதாகப் பிடித்து, முழங்கால் மேல் பையையும் பையின் மேல் கையையும் வைத்துக் காவல் காக்கும் மூத்தோர்களே. பெற்ற பிள்ளையைப் பக்கத்து நாற்காலிப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே. அந்தத் தாய்மார்களிலே மூன்றாம் வரிசையில் அமர்ந்து, 'அவன்தான் என் பையன்' என்று இதுவரை நான்கு பேரிடம் சொல்லிவிட்ட, அச்சகத்தில் மடிப்புப் பிரிவிலே பணிபுரியும் என் அம்மா அவர்களே. விரல் தட்டும் வேகத்தில் பதினோராயிரம் கையெழுத்தைத் திரட்டிய எங்கள் இணைய ரசிகர் குழுவின் நிர்வாகி, பகலில் மூக்குக்கண்ணாடி செய்பவர், மற்ற நேரத்தில் மற்றவர் குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுபவர், லென்ஸ் அண்ணன் அவர்களே. உட்கார இடமிருந்தும் கதவோரம் கைகட்டி நிற்கும் டயர்க்கடைக்காரர் அவர்களே. இந்த மேடையின் ஓரத்தில், மூடி திறந்த பேனாவும் முன்னால் ஒரு தாளுமாக அமர்ந்திருக்கும் ஓவியர் அக்கா அவர்களே. அனைவருக்கும் வணக்கம்.

'பாதிக்கப்பட்ட இளம் படைப்பாளி பேசுவார்' என்று அழைப்பிதழில் அடித்திருக்கிறார்கள். இளம், சரி. பாதிக்கப்பட்ட, பார்ப்போம். படைப்பாளி... அதற்கு வருகிறேன்.

விவரம் அறியாமல் விசிறிக்காற்றுக்காக உள்ளே வந்தவர்களும் இருப்பீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 'லிஃப்ட் அக்கா' என்று ஒரு படக்கதை. மாதம் இரண்டு இதழ், ஒன்பது ஆண்டு, இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு இதழ். கையிலே ஸ்பேனர், காதிலே பென்சில், மாடி மாடியாய் ஏறி மக்கர் செய்யும் மின்தூக்கிகளைச் சரிசெய்யும் ஒரு பெண். அவள் சரிசெய்யப் போகும் வீடுகளில் எல்லாம் மின்தூக்கியைவிட மனிதர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதுதான் கதை. அதை வரைந்து வரைந்து வலது தோளை வலிக்கக் கொடுத்தவர்தான் இதோ இந்த ஓவியர் அக்கா.

அந்தப் படக்கதைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இதழின் கடைசிக் கட்டத்திலும் லிஃப்ட் அக்காவின் வாயிலிருந்து ஒரு பேச்சுக்குமிழ் புறப்படும். அதற்குள் ஓர் எழுத்தும் இருக்காது. காலி. வெள்ளை. வாசகர் தம் பேனாவை எடுத்துத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள். கடைசி வார்த்தையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் குடும்பத்தை நீங்கள் பார்த்ததுண்டா? கணவனுக்கு மனைவி விட்டதுண்டா? மாமியாருக்கு மருமகள் விட்டதுண்டா? இந்த அக்கா இருநூற்றுப் பன்னிரண்டு முறை விட்டார்.

எங்கள் குழுவிலே அந்தக் குமிழுக்காகவே ஒரு போட்டி. யார் எழுதிய வரிக்கு அதிக இதயக்குறி விழுகிறதோ அவர் அந்த இதழின் அரசன். நான்கு ஆண்டு நானும் எழுதினேன். அதிகபட்சம் ஒன்பது இதயம். அதில் மூன்று என் மூன்று கணக்குகளிலிருந்து.

வந்தது இருநூற்றெட்டாம் இதழ். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மின்தூக்கி நின்றுவிடுகிறது. உள்ளே லிஃப்ட் அக்காவும் ஒரு சின்னப் பெண்ணும். அந்தப் பெண் கேட்கிறாள், 'நாம மேல இருக்கமா, கீழ இருக்கமா?' லிஃப்ட் அக்கா வாயைத் திறக்கிறாள். குமிழ் காலி.

நான் எழுதினேன்: 'மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஆனா பாரு, விழவும் இல்ல.'

கைதட்டுகிறீர்கள். அன்றும் இப்படித்தான் தட்டினார்கள். நாலாயிரத்து முந்நூறு இதயம். வேலை போன ஒருவர் அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டாராம். ஒரு மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் யாரோ எழுதி வைத்தார்களாம். வகுப்பிலே வாயை மூடு, வாயை மூடு என்று விரட்டப்பட்ட ஒருவனின் வரியை, ஊரே வாய்விட்டுச் சொன்னது. என் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அம்மா அதை இன்னும் தைத்துத் தரவில்லை.

அப்புறம்தான் வந்தது அந்த அதிர்ச்சி. போன மாதம் புத்தகக் கடைக்குப் போகிறேன். எட்டு இதழ்களைச் சேர்த்துக் கெட்டி அட்டையில் தொகுப்பு நூல். ஆசையாகத் திறக்கிறேன். கடைசிக் கட்டத்துக்குப் போகிறேன். காலிக் குமிழ் காலியாக இல்லை. எட்டு இதழின் எட்டுக் குமிழிலும் எழுத்து இருக்கிறது. எட்டாவது குமிழிலே, ஓவியர் அக்காவின் கையெழுத்திலே, ஒரு புள்ளி மாறாமல், ஒரு கால் குறையாமல், என் வரி. மேலயும் இல்ல, கீழயும் இல்ல, ஆனா பாரு, விழவும் இல்ல.

பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் அதிர்ச்சியின் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் பயந்துபோய், "தம்பி, தண்ணி வேணுமா?" என்றார். "பேனா வேணும்" என்றேன். "எதுக்கு?" "புகார் எழுத."

எழுதினேன். 'ஓவியர் வாசகனைத் திருடினார்' என்று எங்கள் இணையக் குழுவிலே எழுதினேன். எழுதி முடித்து முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் முந்நூறு பேர் கொதிக்கிறார்கள். சாப்பிட்டு வந்தால் இரண்டாயிரம் பேர். மூன்று நாளில் பதினோராயிரம் பேர். ஐயா, நான் பற்றவைத்தது தீக்குச்சி. எரிந்தது எது தெரியுமா? அக்காவின் வீட்டுக் கதவைப் படமெடுத்துப் போட்டார்கள். அக்காவின் மகள் படிக்கும் கல்லூரிக்கு எழுதினார்கள். ஒன்பது ஆண்டுக் கதையும் எவரிடமிருந்தோ எடுத்ததுதான் என்றார் ஒருவர். எவரிடமிருந்து என்று கேட்டதற்கு, அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நானும் குளிர் காய்ந்தேன். ஒளிக்கவில்லை. என் வரிக்கு இத்தனை பேர் அழுகிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம்.

பதிப்பாளர் பயந்தார். பயந்தவர் செய்த ஏற்பாடுதான் இந்த மாலைக் கூட்டம். அதோ அக்கா முன்னால் இருக்கும் தாளில் மூன்று வாக்கியம். வாசகரின் வரியை அனுமதியின்றி எடுத்தேன். வருந்துகிறேன். இனி காலிக் குமிழ் வராது. கூட்டம் முடியும்போது அக்கா அதில் கையெழுத்திட வேண்டும். இட்டால், அதைச் சீட்டாக அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒட்டி விற்பார்கள். இடாவிட்டால், அடித்த புத்தகம் அத்தனையும் கூழாகும். ஒன்பது ஆண்டு உழைத்தவருக்கு இரண்டே வழி. திருடி என்ற பெயரோடு புத்தகம், அல்லது பெயரோடு சேர்த்துப் புத்தகமும் போகும்.

அந்தத் தாளை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? லென்ஸ் அண்ணனும் நானும். இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு பகல். டயர்க்கடைக்கு மேலே ஓர் அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். நான் என்ன எதிர்பார்த்தேன்? சுழலும் நாற்காலி, சுவர் அளவு திரை, கண்ணாடிக் குவளையில் காப்பி. அங்கே இருந்தது என்ன? இரண்டு இரும்பு அலமாரிகளின் மேல் படுக்கவைத்த ஒரு பழைய கதவு. அதுதான் மேசை. கைப்பிடியைக்கூடக் கழற்றவில்லை, மை துடைக்கும் துணி அதில் தொங்கியது. மை காயக் கூந்தல் உலர்த்தும் கருவி. இருநூறு இதழ்களின் மின்தூக்கிகளும் அந்தக் கதவின் மேல்தான் ஏறி இறங்கியிருக்கின்றன.

லென்ஸ் அண்ணன் தாளை நீட்டினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பையனோட உரிமை இது."

அக்கா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீதானா அந்தத் தம்பி? அந்த வரி உனக்கு எப்படித் தோணுச்சு?"

நான் மார்தட்டினேன். "காலையில பல் தேய்ச்சிட்டு இருந்தேன். டக்குனு தோணுச்சு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை."

"அப்படியா. எனக்கு மூணு நாள் ஆச்சு."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. தராசில் வைத்தால் ஒரு குந்துமணிக் கோபம்கூடத் தேறாது.

"காலியாத்தானே விட்டீங்க? அப்புறம் எப்படி மூணு நாள்?" என்றார் லென்ஸ் அண்ணன்.

அப்போது அக்கா ஒரு வித்தையைக் காட்டினார். எண்ணெய்த்தாள் போல் ஊடு தெரியும் ஒரு மெல்லிய தாளை எடுத்துப் படத்தின் மேல் ஒட்டினார். அதில் வசனத்தை எழுதினார். எழுதிய வசனத்தைச் சுற்றித்தான் குமிழை வரைந்தார். "முதல்ல சொல்லு. அப்புறம்தான் குமிழ். வீட்டைக் கட்டிட்டு ஆளைத் தேடினா தலை இடிக்கும் தம்பி. கடைசிக் குமிழுக்கும் நான் ஒரு வரி எழுதிடுவேன், அளவு தெரியணும்ல. அச்சகத்துல மாதிரித் தாள் எடுத்துப் பார்ப்பேன். சரியா இருந்தா, எழுத்தை எடுத்துடுங்கன்னு எழுதி அனுப்பிடுவேன். எல்லா இதழும் அப்படித்தான். இந்தத் தொகுப்புலதான், நான் என்ன நினைச்சேன்னு ஒரு தடவையாவது வாசகருக்குக் காட்டலாமேன்னு தோணுச்சு."

நம்புவீர்களா? நாங்கள் நம்பவில்லை.

"ஆதாரம் இருக்காக்கா?" என்றார் லென்ஸ் அண்ணன். "அந்த மெல்லிசுத் தாள்?"

"அதுல நிப்பு துடைச்சுப் போட்டுடுவேன்."

"அச்சகத்து மாதிரித் தாள்?"

"திருத்தம் போட்டுத் திருப்பிட்டா அது கழிவுக் கட்டுல போயிடும். எனக்கு நினைவுல மட்டும்தான் இருக்கு."

"நினைவு ஆதாரம் ஆகாதுக்கா."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒருவேளை ரெண்டு பேருக்குமே தோணியிருக்கலாம். உலகத்துல நடக்காததா?" திருடி என்று எழுதியவனைத் திருடன் என்று திருப்பிச் சொல்லாத ஒருவரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்த நியாயம் சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்தைத் தடவிவிட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே டயர்க்கடைக்காரர், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏம்ப்பா, அந்தம்மா வரையற புத்தகத்தை முழுசா நீங்க இணையத்துல போடுறீங்களாமே?"

"ஆமா, ஸ்கேன் பண்ணி, சுத்தம் பண்ணி, இதழ் வர்ற வெள்ளிக்கிழமையே மத்தியானத்துக்குள்ள போட்டுடுவோம்" என்றார் லென்ஸ் அண்ணன் பெருமையாக.

"அந்தம்மாவைக் கேட்டா போடுறீங்க?"

"அது... அன்புல போடுறதுங்க."

"ஓகோ. வண்டியை அப்படியே தள்ளிட்டுப் போறது அன்பு. உங்க வண்டிக் காத்துல ஒரு மூச்சு குறைஞ்சா அது திருட்டு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் துடைக்கக் கண்ணாடியும் இல்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு இதழை எடுத்தோம். கேட்டோமா? அட்டையை எடுத்தோம், ஆரம்பத்தை எடுத்தோம், அத்தனை கட்டங்களையும் எடுத்தோம். சொன்னோமா? பக்கத்தின் மூலையில் இருந்த அக்காவின் பெயரை, அழகைக் கெடுக்கிறது என்று அழித்தோம். அந்த இடத்தில் எங்கள் குழுவின் முத்திரையைக் குத்தினோம். அந்த முத்திரையை இன்னொரு குழு அழித்தபோது, 'உழைப்பைச் சுரண்டுகிறார்கள்' என்று உலகுக்கே முறையிட்டோம். நாங்கள் எடுத்தால் அபிமானம். அவர் எடுத்தால் அபகரிப்பு. இது எந்த ஊர்த் தராசு? எந்தக் கடைப் படிக்கல்?

லென்ஸ் அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். 'எழுதிக் கொடுத்ததைப் பேசுடா' என்று அதற்குப் பொருள். ஆம் ஐயா, எனக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'என் வரி, என் உரிமை, என் வெற்றி' என்று முடியும். நேற்று வரை மனப்பாடம். கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிக்கூடப் பழகினேன். அதைப் பேச முடியாமல் போனதற்குக் காரணம்தான் நான் முதலில் சொன்ன முக்கியச் செய்தி.

மறந்துவிட்டீர்களா? இயற்பியல் நோட்டு.

இன்று காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், நோட்டைப் பையிலிருந்து இழுத்தேன். அட்டை கிழிந்தது. பள்ளி திறந்த வாரம் அம்மா போட்டுத் தந்த அட்டை அது. எங்கள் வீட்டில் நோட்டுக்கெல்லாம் அச்சகக் கழிவுத் தாளில்தான் அட்டை. அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. கழிவுத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போக அச்சகத்தில் அனுமதி உண்டு. அம்மா, நீங்கள் பதறாமல் உட்காருங்கள். 'லிஃப்ட் அக்கா' அச்சாவதும் அதே அச்சகத்தில்தான். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்த வழியாகத்தான்.

கிழிந்த தாளின் உள்பக்கத்தைப் பார்த்தேன். பார்த்தபடியே படுக்கையில் உட்கார்ந்தேன். அம்மா கதவில் நின்று, "ஏன்டா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றார். "ஒண்ணுமில்லம்மா, அட்டை கிழிஞ்சிடுச்சு" என்றேன். "இதுக்கா இந்த மூஞ்சி?" என்றார்.

இதோ அந்தத் தாள். நூலகர் அம்மா, தயவுசெய்து வாங்கிப் பாருங்கள். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு மின்தூக்கி. சின்னப் பெண். லிஃப்ட் அக்கா. குமிழ். குமிழுக்குள் எழுத்து. மூலையில் அச்சகத்தின் தேதி முத்திரை. இருநூற்றெட்டாம் இதழ் கடைக்கு வருவதற்கு நான்கு மாதம் முந்தைய தேதி. ஓரத்தில் சிவப்பு மையில், அக்காவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'அளவு சரி. எழுத்தை எடுத்துவிடவும். குமிழ் மட்டும் இருக்கட்டும்.'

குமிழுக்குள் என்ன வரி என்று நான் வாசிக்கத் தேவையில்லை. நீங்கள்தான் சற்றுமுன் கைதட்டினீர்கள்.

நூலகர் அம்மாவின் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள். காலையில் நானும் இப்படித்தான் மறுபடி மறுபடி பார்த்தேன்.

அட்டை போடும்போது தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அப்போதே அந்தக் கட்டத்தைப் படித்திருக்கிறேன். அம்மா மடித்தார், வரி உள்ளே போனது. நோட்டுக்குள்ளும் போனது, எனக்குள்ளும் போனது. நான்கு மாதம் கழித்து இதழ் வந்தது. காலிக் குமிழைப் பார்த்தேன். வரி வந்து விழுந்தது. பழம் காய்த்த மரம் நான் என்று நினைத்துக்கொண்டேன். நான் வெறும் கூடை.

லென்ஸ் அண்ணா, எழுந்திருக்காதீர்கள். பதினோராயிரம் பேருக்கு என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். முதலில் எழுதியவன் நான். இதையும் நானே எழுதுகிறேன். இதயம் எத்தனை விழுகிறது என்று பார்ப்போம். தெரியாமல் நடந்ததுதானே என்று யாரோ பின்னால் சொல்கிறீர்கள். ஐயா, நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அதையும் நான் வாங்கிக்கொள்ள முடியாது. அன்று வரியை எழுதியபோதே மனசுக்குள் ஒரு சின்ன அரிப்பு. 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமோ?' அவ்வளவுதான், ஒரு நொடி. அப்புறம் முதல் நூறு இதயம் விழுந்தது. அரிப்பு நின்றுவிட்டது. மேலே அறையில் அக்கா 'மூணு நாள் ஆச்சு' என்றபோது மறுபடி அரித்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எந்நேரமும் மூடு என்று சொல்லப்பட்ட வாய், திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் மூடிக்கொண்டது.

அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். அதில் உள்ள வாக்கியங்களில் 'வாசகரின்' என்பதை அடித்து 'ஓவியரின்' என்று திருத்தினால் மீதி அப்படியே எனக்குப் பொருந்தும். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். காலிக் குமிழ் வரட்டும். அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வேண்டாம், எனக்கு ஒன்பது இதயமே போதும். சுவரில் ஒட்டிவைத்த அந்த மனிதருக்காக வரட்டும்.

பேனாவை மூடிவிட்டீர்கள். அந்த 'டக்' சத்தம் ஒலிபெருக்கியிலேயே கேட்டது. நன்றி, அக்கா.

நேரம் தந்து நேரம் தாண்டியும் மணியடிக்காத தலைவருக்கு நன்றி. கைதட்டியவர்களுக்கு நன்றி, பாதியை அக்காவிடம் சேர்ப்பித்துவிட்டேன், மீதியையும் நீங்களே நேராகக் கொடுத்துவிடுங்கள். டயர்க்கடைக்காரரே, உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எதுவும் போடாமல் இருந்து பார்க்கிறோம். அம்மா, நான்கு பேரிடம் 'என் பையன்' என்று சொன்னீர்களே, அவர்களிடம் இப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் பார்க்கிறீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

கடைசியாக ஒன்று. பல் தேய்க்கும்போது தோன்றியது என்று அக்காவிடம் மார்தட்டினேன் அல்லவா. அன்றைக்கு நான் பல்லே தேய்க்கவில்லை.